இரண்டாவது தும்மல்

கோலாலம்பூரில் மாலையானால் மழை பெய்கிறதே, அதற்கு ஒரு மனிதன்தான் காரணம் என்று மனதார நம்பியவர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் சகுனக் கிராணி. அந்தக் காரணம் நான்.

முப்பதுகளின் தொடக்கம் அது. பிரிக்பீல்ட்ஸில் ரயில் பாதையை ஒட்டி ஒரு சரக்குக் கம்பெனி இருந்தது. கிள்ளான் துறைமுகத்தில் இறங்கும் மிளகாய், வெங்காயம், கருவாடு, பருப்பு எல்லாம் ரயிலேறி எங்கள் கிட்டங்கிக்கு வரும். அங்கிருந்து மாட்டு வண்டியிலும் லோரியிலும் கடைகளுக்குப் போகும். கணக்கு எழுதுகிறவர்களுக்கு அந்தக் காலத்தில் கிராணி என்று பெயர். நாங்கள் நாலைந்து பேர் சின்னக் கிராணிகள். எங்களை மேய்ப்பதற்கு ஒரு பெரிய கிராணி. பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கும் ஒன்று இருந்திருக்கும். நாங்கள் அவருக்கு எதிரே 'ஐயா' என்போம், முதுகுக்குப் பின்னால் 'சகுனக் கிராணி' என்போம்.

அவர் வீடு கிட்டங்கியிலிருந்து கூப்பிடு தூரம். அந்தத் தூரத்தைக் கடக்க அவருக்குச் சில நாள் ஒரு மணி நேரம் ஆகும். பிரிக்பீல்ட்ஸில் அப்போது பூனைகள் அதிகம். ஒன்று குறுக்கே போனால் வீட்டுக்குத் திரும்பி, உட்கார்ந்து, ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்புவார். ஒரு பூனைக்குப் பயந்து ஊருக்கு அந்தக் கோடியில் இருக்கும் அம்பாங் வரைக்கும் போய்ச் சுற்றிக்கொண்டு வந்தார் என்று என் பக்கத்து மேசைக்காரன் சூசை சத்தியம் செய்வான். சூசை சொல்வதில் பாதியைத்தான் நம்பலாம். அந்தப் பாதியே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று காலை. புதுச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. வரிசையாக நின்று பெரியவருக்கு வணக்கம் சொல்கிறோம். அவர் படியேறுகிற நேரம் பார்த்து மிளகாய் நெடி என் மூக்கில் ஏறியது. ஒரே ஒரு தும்மல். மனிதர் அப்படியே திரும்பி வீட்டுக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். மறுபடி படியேறினார். மறுபடி ஒரே ஒரு தும்மல். மூன்றாம் முறை அவர் பின்பக்கக் கதவு வழியாக, கருவாட்டு மூட்டைகளின் மேல் ஏறி இறங்கி உள்ளே வந்து சேர்ந்தார்.

"யாருடா நீ?"

"புதுசா வந்த கிராணிங்க, ஐயா."

"இந்த மலாயாவுல ஒனக்கு வேற வேலையே கெடைக்கலையா?"

அன்று மாலை வழக்கம்போல மழை பெய்தது. வெளியே கிடந்த பருப்பு மூட்டைகள் நனைந்தன. பழி என் மூக்கின் மேல் விழுந்தது. அதற்குப் பிறகு வண்டி மாடு படுத்துக்கொண்டாலும், ரயில் தாமதமானாலும், கம்பெனியை நடத்திய வெள்ளைக்காரத் துரைக்கு வயிற்று வலி வந்தாலும், "இவன் எப்படா தும்மினான்?" என்பதுதான் முதல் விசாரணை.

கிட்டங்கியில் நான் ஒருவன்தான் தும்மினேன் என்றால் மனம் ஆறியிருக்கும். மிளகாய்க் கிடங்கில் சின்னக் கிராணிகளில் தும்மாதவன் யார்? சூசை தும்மினால், "சளி புடிச்சிருக்கு போல. இஞ்சி தட்டிப் போட்டுக் குடி" என்று கரிசனமாகச் சொல்வார். நான் தும்மினால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நெற்றியில் அடித்துக்கொண்டு, அன்றைக்கு வந்த சரக்கைப் பிரிக்கவே கூடாது என்று நிறுத்திவிடுவார். கடைசியில் என் மேசையை வாசலிலிருந்து தூக்கி ஆகக் கடைசி மூலையில் போடச் சொன்னார். அந்த மூலையில்தான் மிளகாய் மூட்டைகளை அடுக்குவார்கள். முன்பு காலையில் ஒரு முறை தும்மிக்கொண்டிருந்தவன், அதற்குப் பிறகு நாள் முழுக்கத் தும்மினேன். அடக்கிப் பார்த்தேன். அடக்கிய தும்மல் காது வழியாக ஏதோ ஒரு சத்தத்தோடு வெளியேறியது. "பஞ்சாங்கத்துலயே இல்லாத சகுனமா இருக்கே" என்று அவர் இன்னும் பயந்துபோனார்.

சிரிப்பாகத்தான் இருக்கிறது இப்போது. அப்போது சிரிக்கவில்லை. என்னைப் பகாங் காட்டுக்குள் இருந்த கிளைக்கு அனுப்பிவிடும்படி அவர் துரையிடம் சொல்லிவிட்டார். அங்கே போனவர்கள் காய்ச்சலோடு திரும்புவார்கள், சிலர் திரும்புவதே இல்லை. என் மனைவி தனம் அப்போது ஏழு மாதம். தலைப்பிரசவம். அந்தக் காட்டில் மருத்துவச்சிக்கு எங்கே போவது? வீட்டுக்கு வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன்.

தனம் எதையும் நேராகப் பார்க்கிறவள். "ஏங்க, அந்த மனுசனுக்கு ஒத்தத் தும்மல்தானே ஆகாது? ரெட்டையாத் தும்மினா நல்ல சகுனம்தானே?"

"ஆமா."

"அப்ப ரெண்டாவதையும் சேத்துத் தும்மிட்டு வரவேண்டியதுதானே."

"தும்மல் என்ன கடைச் சரக்கா, கேட்டதும் வர்றதுக்கு?"

"மூக்குப்பொடி கடைச் சரக்குதானே" என்றாள்.

மறுநாள் ஒரு பொடி டப்பியோடு போனேன். முதல் தும்மல் மிளகாயின் உபயம். பெரியவர் பேனாவைக் கீழே வைப்பதற்குள் ஒரு சிட்டிகை. இரண்டாவது தும்மலில் மேல்கூரைப் புறா பறந்தது. அவர் எழுந்து நின்று என்னை முதன்முதலாக மனிதனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஒரு வாரம் இரட்டைத் தும்மலாகவே தும்மினேன். அந்த வாரம் தற்செயலாக மாலை மழையும் இல்லை. அவரே துரையிடம் ஓடி, இவனை அனுப்பக்கூடாது, இவன் இல்லாமல் கிட்டங்கி நடக்காது என்றார். அப்படி இவன் என்ன செய்கிறான் என்று துரை கேட்டிருக்கிறார். "மிளகாய் விஷயத்தில் இவனை மிஞ்ச ஆளில்லை" என்று சொல்லிச் சமாளித்தாராம்.

பகாங் தப்பியது. தொல்லை தப்பவில்லை. முன்பு என்னைத் தனியாகப் பிரித்துத் திட்டினார், இப்போது தனியாகப் பிரித்துத் தும்மச் சொன்னார். சரக்குப் பிரிக்குமுன் தும்மல், துரை அறைக்குள் போகுமுன் தும்மல். அவர் மகளுக்குக் கிள்ளானில் மாப்பிள்ளை பார்க்கப் போனபோது என்னையும் ரயிலேற்றிக் கூட்டிப்போனார். அவர்கள் வீட்டு வாசலில் பொடி கொஞ்சம் அதிகமாகி மூன்று முறை தும்மிவிட்டேன். "இன்னொண்ணு போடுடா, கணக்கு நேராயிடும்" என்று காதில் கெஞ்சினார். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். அந்தச் சம்பந்தம் எப்படியோ முடிந்தது. முழுப் பெருமையும் என் மூக்குக்கே கிடைத்தது. எனக்கென்னவோ அவர் மேல் கோபம் தீரவே இல்லை. கர்ப்பிணியைக் காட்டுக்கு அனுப்பப் பார்த்த மனிதர்தானே என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டே இருந்தேன்.

ஒரு மத்தியானம் அடுத்த வீட்டுக்காரர் ஓடி வந்தார். தனத்துக்கு வலி கண்டுவிட்டது. பெரியவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. தானே வாசல் வரை என்னோடு வந்தார். "போ தம்பி, எல்லாம் நல்லபடியா..." என்று ஆரம்பித்தவர் தும்மினார். ஒரே ஒரு தும்மல்.

அவர் தும்மி நாங்கள் யாரும் பார்த்ததே இல்லை. அவர் முகத்தில் ரத்தமே இல்லாமல் போயிற்று.

"நில்லு. ரெண்டாவது வந்துடும். நில்லுடா."

வாயைத் திறந்து வானத்தைப் பார்த்தபடி நின்றார். ஒன்றும் வரவில்லை.

"நான் வேணா தும்மட்டுங்களா?" என்றேன்.

"ஒந்தும்மல் செல்லாது. ஆரம்பிச்சவன்தான் முடிக்கணும்."

எனக்கு ஆத்திரம் வந்தது. "அங்க அவ துடிச்சிக்கிட்டு இருக்கா. நான் போறேன்" என்று பொடி டப்பியை அவர் கையில் திணித்துவிட்டு ஓடினேன். தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன். டப்பி காலியாகத் தரையில் கிடந்தது. பெரியவர் உள்ளே என் மூலையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். அவிழ்த்த மிளகாய் மூட்டை ஒன்றில் தலையை விட்டதை, திறந்திருந்த பெரிய கதவு வழியே கண்ணால் பார்த்தேன்.

வீட்டில் மருத்துவச்சி வெளியே வந்து, "புள்ளை திரும்பிக் கெடக்கு. நேரமாகும். சாமியக் கும்பிட்டுக்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே தனத்தின் குரல். சகுனத்தையெல்லாம் கேலி செய்தவன் நான். ஆனால் அந்த ஒற்றைத் தும்மல் என் காதை விட்டுப் போகவில்லை. வாசலில் போய் உட்கார்ந்தேன்.

தெருக்கோடியில் ஒரு சத்தம் கேட்டது. ரிக்ஷா ஒன்று தும்மிக்கொண்டு வந்தது. பெரியவர் இறங்கினார். கண் இரண்டும் சிவந்து வீங்கி, மூக்கு இருந்த இடத்தில் வேறு எதுவோ இருந்தது. பின்னாலேயே சூசை ஓடி வந்தான்.

"வந்துடுச்சுடா" என்றார் பெரியவர். "ரெண்டாவது வந்துடுச்சு. ஆனா நிக்க மாட்டேங்குது. சூசை, இப்ப எதுல நிக்குது?"

"ஒத்தப்படைங்க, ஐயா."

இன்னொன்று தும்மினார். "இப்ப ரெட்டை" என்றான் சூசை.

நான் கதை கட்டுகிறவனாக இருந்தால் அந்த நிமிஷமே குழந்தை அழுதது என்று எழுதியிருப்பேன். அப்படியெல்லாம் நடக்கவில்லை. விளக்கு வைக்கும் நேரம் வரை ஆயிற்று. அவ்வளவு நேரமும் அவர் எங்கள் வாசலை விட்டு நகரவில்லை. ஒற்றையாக ஒரு தும்மல் விழுந்தால் மடியில் முடிந்து வைத்திருந்த மிளகாய்த் தூளை எடுத்து முகர்ந்து இரட்டையாக்கினார். நான் குடத்தைக் கொண்டுவந்து அவர் கையில் தண்ணீர் ஊற்றினேன். முகம் கழுவினார், எரிச்சலில் சின்னப் பிள்ளை மாதிரி முனகினார். எத்தனை மாதமாக இவரைச் சபித்திருப்பேன். ஊற்றிக்கொண்டே இருந்தேன். எனக்குக் கண் நிறைந்தது. மிளகாய் என்று சொல்லிக்கொண்டேன்.

உள்ளே குழந்தை அழுதது. "தாயும் புள்ளையும் சொகம்" என்று மருத்துவச்சி குரல் கொடுத்தாள். குடத்தைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"டேய்" என்று பின்னாலிருந்து கத்தினார். "வலது காலை வச்சுப் போடா."

நின்று, காலை மாற்றி, வலது காலை வைத்துத்தான் உள்ளே போனேன்.