மூன்று பல் குறைத்த கதை

இனி இந்த வண்டியிலிருந்து விழுவதில்லை என்று திங்கட்கிழமை ஒரு தீர்மானம் எடுத்தேன். எடுத்தபோது நான் தரையில்தான் கிடந்தேன்.

வண்டி என்றால் டர்ட் பைக். பந்தய மைதானத்துக்கென்றே செய்தது. எனக்கு வேண்டியதோ காட்டுப் பாதையில் கல்லும் வேரும் தாண்டி நிதானமாகப் போவது. ஆக்ஸிலேட்டரை அரை அங்குலம் முறுக்கினால் முன்சக்கரம் ஆகாயத்தைப் பார்க்கும். நானும் பார்ப்பேன், மல்லாக்கப் படுத்தபடி. இது மூன்றாவது தடவை.

என் மனைவி பல் டாக்டர். ஊரார் வாயையெல்லாம் திறக்க வைப்பவள், என் வாயை மட்டும் மூட வைப்பாள்.

“இன்னொரு தடவை விழுந்தீங்க, வண்டியை வித்துடுவேன்.”

“நான் எங்கே விழுந்தேன்? இறங்கினேன்.”

“முதுகாலயா?”

“ஞாயித்துக்கிழமை காட்டுப் பாதைக்கு வர்றேன்னு உங்கண்ணன்கிட்ட சொல்லிட்டேனே!”

“தாராளமாப் போங்க. நானும் வந்து பாக்கறேன். விழுந்தா அங்கேயே வித்துட்டு வந்துடலாம்.”

ஹேண்டில்பார் வளைந்திருந்தது. செவ்வாய்க்கிழமை அவளே வண்டியை மெக்கானிக்கிடம் அனுப்பி வைத்தாள். ஆசையாக வாங்கிய வண்டி போய்விடுமே என்ற பயம் ஒரு பக்கம். அதில் மறுபடி ஏற வேண்டுமே என்ற பயம் மறு பக்கம். புதன்கிழமை அரை நாள் லீவு போட்டு, வண்டியை எடுத்து வருகிற சாக்கில் பட்டறைக்குப் போனேன். மெக்கானிக்கின் கன்னம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது.

“என்னண்ணே, பல்வலியா?”

“ம்.”

“எனக்கும் பல் பிரச்சினைதான். பின்சக்கரத்துல. செயின் ஓடற இந்த ஸ்ப்ராக்கெட் சக்கரத்துக்கு ஐம்பது பல்லு. இதைக் கழட்டிட்டு நாப்பத்தேழு பல்லு இருக்கறதை மாட்டுங்க. இழுவை மட்டுப்படும், முறுக்கினதும் துள்ளாதுன்னு சொல்றாங்களே?”

அவர் வண்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “சரியாத்தான் சொல்றீங்க.”

“வீட்ல தெரியக்கூடாது. யார் கேட்டாலும் வாயைத் திறக்காதீங்க.”

“திறந்தாத்தான் வலிக்குதே” என்றார் பரிதாபமாக.

ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது. பத்தே நிமிஷம்! மனுஷர் கையில் கிரீஸ்கூட ஒட்டவில்லை. தொழில்காரர் என்றால் இவரல்லவா என்று மெச்சிக்கொண்டே வீடு திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை. மேட்டடியில் மனைவி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மச்சான் தன் வண்டியில் முன்னால் போனார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினேன். துள்ளவில்லை! பல்லைப் பிடுங்கிய பாம்பு மாதிரி சாதுவாக ஊர்ந்தது. வேர், ஓடை, சரளைக்கல் மேடு, எல்லாவற்றையும் தாண்டி, புறப்பட்ட இடத்துக்கே முழு உடம்போடு திரும்பினேன். ஹெல்மெட்டைக் கழற்றியதும் அப்பாடா என்றிருந்தது. வண்டி தப்பித்தது, நானும் தப்பித்தேன்.

“மாப்பிள்ளை, கலக்கிட்டீங்க!” என்றார் மச்சான்.

“எல்லாம் மணிக்கட்டுல இருக்கு மச்சான். முரட்டு வண்டியைப் பழக்கறது எல்லாராலயும் முடியாது.”

“கல்யாணத்துக்கு முன்னாடி எங்க வீட்ல இவதான் இப்படி ஓட்டுவா” என்று தங்கையைக் காட்டினார்.

“பல்லு டாக்டருக்கு எதுக்கு மச்சான் இந்த வேலையெல்லாம்?” என்று இளித்தேன்.

அவள் பின்சக்கரத்தருகே குந்தி, ஒற்றை விரலால் தொட்டுத் தொட்டு எண்ண ஆரம்பித்தாள்.

“...நாப்பத்தஞ்சு, நாப்பத்தாறு, நாப்பத்தேழு.”

எனக்கு வேர்த்தது. “என்ன எண்ணறே?”

“என் தொழிலே அதுதானே. ஐம்பதுல மூணைக் காணோமே?”

“அது... தேய்ஞ்சு விழுந்திருக்கும்.”

“தேய்க்காத பல்லு விழுந்து பாத்திருக்கேன். தேய்ஞ்ச பல்லு விழுந்து இப்பத்தான் பாக்கறேன்.”

மச்சான் மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் சரணடைந்தேன். “மெக்கானிக் வாயைத் திறந்துட்டாரா?”

“வியாழக்கிழமை என் நாற்காலியில வந்து உக்காந்தார். திறக்காம எப்படி? பாவம், அவரைத் திட்டாதீங்க. புதன்கிழமை அவர் வண்டியைத் துடைச்சுக் குடுத்ததோட சரி. முந்தின நாளே நான் சொல்லி மூணு பல் குறைச்சாச்சு.”

“நீயா? வித்துடுவேன்னு மிரட்டினியே!”

“பயத்துல மிரட்டினேன். நீங்க மல்லாக்கக் கிடந்ததைப் பாத்து எனக்கு உசுரே போயிடுச்சு. ஓட்டாதீங்கன்னா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவீங்க. பல்லைக் குறைங்கன்னா ரோஷம் வந்துடும். அதான் சொல்லாம செஞ்சேன்.”

என் முதுகையும் மானத்தையும் ஒருசேரக் காப்பாற்றியிருக்கிறாள். நெகிழ்ந்துபோனேன். “அப்போ வண்டியை விக்க வேண்டாமே?”

“எதுக்கு விக்கணும்? நல்ல வண்டி. அடுத்த ஞாயித்துக்கிழமை நான் ஓட்டறேன்.” என் கையிலிருந்த ஹெல்மெட்டை வாங்கித் தலையில் வைத்து அளவு பார்த்தாள். “மெக்கானிக்கிட்ட சொல்லியாச்சு, எனக்கு அந்த மூணு பல்லையும் திரும்பக் கட்டிடச் சொல்லி.”