கைகாட்டி ஐயாவின் நாற்பது விநாடி

காலை எட்டரை மணிக்கு அந்தச் சாலையோரத்தில் கால் வைக்க இடம் இருக்காது. சாலையைக் கடக்க வந்த கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். கடப்பதற்கு அருள் வாங்க வந்த கூட்டம்!

இந்தப் பக்கம் பேருந்து நிலையம், அந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரி. நடுவே ஆறு வரிசையாக வண்டிகள் பறக்கின்றன. ஓரத்தில் ஒரு கம்பம். அதற்கு நீலப் பட்டுத் துணியைச் சுற்றி, திருக்கம்பம் என்று பெயரும் வைத்தாகிவிட்டது. அதில் முதுகைச் சாய்த்து, உயரமான நாற்காலியில், வெள்ளை அங்கியோடு கைகாட்டி ஐயா. கண்ணை மூடுவார். முதுகை ஒரு சிலிர்ப்பு சிலிர்ப்பார். நாற்பது விநாடி உதடு முணுமுணுக்கும். பிறகு வலது கை மேலே போகும். உடனே சிவப்பு விளக்கு எரியும். லாரியும் பேருந்தும் பெட்டிப் பாம்பாக அடங்கி நிற்கும்.

“ஐயா கையைத் தூக்கினா விளக்கே பயப்படுதுப்பா!” என்று மெய்சிலிர்த்தார் ஒரு பேராசிரியர். அவர் நடத்துவது இயற்பியல். மாணவர்கள் பாவம்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் அக்காவும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. அவளுடைய தங்கை, மாநகராட்சியில் சாலை விளக்குகளைப் பழுது பார்ப்பவள். ஸ்குரூ முடுக்கும் திருப்புளியும் கையுமாகவே திரிவதால், அலுவலகத்தில் அவளுக்குத் திருப்புளி என்றுதான் பேர். வேலை நகரத்தின் மறுகோடியில். அக்கா ஐயா புராணம் பாடும்போதெல்லாம் சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

அந்தச் சிரிப்பு நேற்று நின்றுபோனது.

மூன்று நாளாக ஐயாவின் கை வேலை செய்யவில்லை. சிலிர்த்தார், முணுமுணுத்தார், கையைத் தூக்கினார். லாரி ஹாரன் அடித்துவிட்டுப் போனது. ஐயா அசருவாரா? “கையில இருந்த சக்தியை அட்டைக்கு மாத்திட்டேன்” என்றார். கழுத்தில் தொங்கவிடும் காப்பு அட்டை. விலை உண்டு, சொல்லவும் வேண்டுமா? நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். கடக்கும்போது தலையைத் திருப்பக் கூடாது. திருப்பினால் சந்தேகம், சந்தேகப்பட்டால் காப்பு போச்சு.

நேற்று அட்டையோடு சாலையில் இறங்கிய அக்காவின் முழங்கையை ஒரு வேனின் கண்ணாடி அடித்துவிட்டுப் போனது. ஒரு சாண் தள்ளியிருந்தால் மண்டை. அழுதுகொண்டே ஐயாவிடம் ஓடினாள். “நீ திரும்பிப் பார்த்திருப்பே மகளே” என்று சொல்லி, அவர் இரண்டாவது அட்டையையும் விற்றார்.

“ஆமாண்டி, லேசா திரும்பிட்டேன். நாளைக்குக் கண்ணை மூடிக்கிட்டே போகப் போறேன்” என்றாள் அக்கா ராத்திரி வீட்டில் தங்கையிடம், வீங்கின கையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு.

“உனக்கென்ன பைத்தியமா அக்கா? செத்துப்போவே!”

“படிச்சவங்களே கும்பிடுறாங்க. ஸ்குரூ முடுக்கிற உனக்கு என்னடி தெரியும்?”

திருப்புளிக்கு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை.

காலையில் அலுவலகத்தில், ஆஸ்பத்திரிப் பக்கத்து ஆள் லீவு என்று, அவள் கையில் ஒரு புகார்க் கடிதத்தைத் திணித்தார்கள். படித்தாள். நம்ப முடியாமல் மறுபடியும் படித்தாள். கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சீருடையில் வந்து நின்றவளைப் பார்த்ததும் ஐயாவின் முகம் வெளுத்தது. குனிந்து கிசுகிசுத்தார்: “விடியக்காலையிலதானே வரச் சொன்னேன்?”

“எங்க ஆபீசுக்கு விடியறதே எட்டு மணிக்குத்தான் ஐயா” என்றாள் அவள், ஊருக்கே கேட்கிற மாதிரி. “கொஞ்சம் எழுந்திருங்க. உங்க முதுகுக்குப் பின்னாடிதான் வேலை.”

“யாருடி இவ? ஐயாவையே எழுப்புறா!” என்று கூட்டம் சீறியது. கூட்டத்திலிருந்த அக்கா வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டாள்.

திருப்புளி கடிதத்தை விரித்து உரக்கப் படித்தாள். “பாதசாரிகள் அமுக்கும் பொத்தான் மூன்று நாளாக வேலை செய்யவில்லை. கூட்டம் சேருமுன், விடியற்காலையில் யாருக்கும் தெரியாமல் வந்து சரிசெய்யவும். இப்படிக்கு, கைகாட்டி ஐயா, திருக்கம்பத்தடி.”

அற்புதத்துக்கு ரிப்பேர் கேட்டு அற்புதக்காரரே மனுப் போட்டிருக்கிறார்!

அவள் பட்டுத் துணியை உருவினாள். உள்ளே ஒரு பொத்தான், முதுகு பட்டுப் பட்டுத் தேய்ந்துபோய். அதற்கு மேலே கொட்டை எழுத்தில்: ‘அமுக்கிவிட்டு நாற்பது விநாடி காத்திருக்கவும்.’ பத்தே நிமிடத்தில் புதுப் பொத்தானை மாட்டிவிட்டாள்.

கூட்டத்துக்குப் புத்தி வந்ததா? அவ்வளவு சுலபமா? “பொத்தான் வேற, அட்டை வேற!” என்று விளக்கம் கொடுத்தார் பேராசிரியர்.

ஐயா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். “அப்படிச் சொல்லுங்க! சக்தி இப்போ அட்டையில இருக்கு. மகளே, நீ நட. திரும்பாதே.”

அக்கா கண்ணை மூடிக்கொண்டு சாலையில் இறங்கிவிட்டாள்.

“அக்கா!” திருப்புளி பாய்ந்து அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். இருவரும் ஓரத்தில் விழுந்தார்கள். அக்கா நின்ற இடத்தில் பேருந்து ஒன்று கடந்து போனது. தங்கைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எழுந்தாள். ஐயாவின் நாற்காலியடியில் இருந்த பெட்டியிலிருந்து நாலு காப்பு அட்டைகளை அள்ளி ஐயாவின் கழுத்தில் மாட்டினாள்.

“எங்க அக்காவுக்கு ரெண்டு. உங்களுக்கு நாலு. நீங்க முதல்ல நடங்க.”

“நடங்க ஐயா! இவ மூஞ்சியில கரியைப் பூசுங்க!” என்று பக்தர்களே ஆர்ப்பரித்தார்கள்.

வேறு வழியில்லை. ஐயா ஓரத்துக்கு வந்தார். ஒரு காலைச் சாலையில் வைத்தார். தூரத்தில் லாரி வந்துகொண்டிருந்தது.

ஐயாவின் தலை வலப்பக்கம் திரும்பியது. பிறகு இடப்பக்கம். மறுபடியும் வலப்பக்கம். வைத்த காலை எடுத்துக்கொண்டார்.



“திரும்பிப் பார்த்தாரு” என்றாள் அக்கா. “தன் உசிருன்னதும் மூணு தடவை திரும்பிப் பார்த்தாருடி!”

கழுத்திலிருந்த இரண்டு அட்டைகளையும் பிய்த்து எறிந்தாள். நல்ல கையால் பொத்தானை அமுக்கினாள். நாற்பது விநாடியில் சிவப்பு எரிந்தது. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு நடந்தாள். கூட்டம் பின்னாலேயே போனது. சாலை காலியாகி வண்டிகள் கிளம்பியபோது, வெள்ளை அங்கி மட்டும் நாற்காலியில் கிடந்தது. அங்கிக்காரரைக் காணோம்.

மறுநாள் காலை அக்கா வேலைக்கு வந்தபோது, கம்பத்தின் எதிரே நீண்ட வரிசை. முதல் ஆளாகப் பேராசிரியர், பொத்தானைப் பார்த்துக் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார்.

“சார், கும்பிடாதீங்க, அமுக்குங்க!” என்று கத்தினாள் அக்கா. “அப்புறம் ரெண்டு பக்கமும் பாருங்க. கழுத்து அட்டை மாட்டிக்க மட்டும் இல்ல சார், திருப்பிப் பார்க்கவும்தான்!”