மகள் மேல் கட்டிய பந்தயம்

எலக்ட்ரீஷியன் வீட்டில் மணி பார்க்க வேண்டுமென்றால் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைச் சலவைக் கடைவரை போக வேண்டும். சுவர்க்கடிகாரம் அங்கேதான் மாட்டியிருந்தது. மிக்ஸியும் அங்கேதான். மனுஷன் மத்தியானச் சீட்டாட்டத்தில் தோற்றுத் தோற்று ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்திருந்தார். அவர் மனைவி மிளகாயைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் அரைத்துவிட்டு, தன் வீட்டுக் கடிகாரத்திலேயே மணியும் பார்த்துக்கொண்டு வருவாள். சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

மகளுக்கு ஒரு வேலை வந்தது. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துப் பரிசோதனைக் கூடத்தில் சேர்க்க வேண்டும். லைசென்ஸும் வண்டியும் இருந்தால்தான் வேலை. லைசென்ஸ் டெஸ்டில் இரண்டு தடவை காலை ஊன்றிக் கோட்டைவிட்டிருந்தாள். அப்பாவின் ஸ்கூட்டரைக் கேட்டால், அது தன் உயிர் என்று அவர் கையை விரித்துவிடுவார்.

மூன்றாவது டெஸ்டுக்கு முதல் நாள் சலவைக் கடைக்காரர் சீட்டைக் கலைத்துக்கொண்டே பேச்செடுத்தார்.

"மாப்ளே, நாளைக்குப் பொண்ணு பாஸாயிடும்னு நான் சொல்றேன். ஆகலன்னா உன் கடிகாரம், மிக்ஸி எல்லாத்தையும் எடுத்துட்டுப் போ. ஆயிட்டா ஸ்கூட்டர் எனக்கு."

இவர் யோசிக்கவேயில்லை. இரண்டு தடவை தோற்றவள் மூன்றாவது தடவை மட்டும் என்ன கிழித்துவிடப் போகிறாள்? தவிர, இது சூதாட்டமே இல்லை, வீட்டுக்குச் சாமான் சேர்க்கிற வழி என்று தனக்குத் தானே சமாதானம் வேறு. பெற்ற பெண் தோற்க வேண்டுமென்று பந்தயம் கட்டும் அப்பனை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

காலையில் மகள் கேட்டாள், "அப்பா, இந்தத் தடவையாவது பாஸாயிடுவேனா?"

அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "ஆகாட்டிப் போகுதும்மா, என்ன இப்ப?" என்றார். அவர் ஆறுதல் சொல்வதாக நினைத்து அவள் சிரித்தாள். அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் அவள் கிளம்பியதும், கடிகாரம் மாட்டும் ஆணி கெட்டியாக இருக்கிறதா என்று ஒருமுறை ஆட்டிப் பார்த்துக்கொண்டார்.

பதினொரு மணிக்கு அவள் பாஸாகி வந்து நின்றாள். ஒரு நொடி அவருக்கு நிஜமாகவே நெஞ்சு நிறைந்தது. அடுத்த நொடி கண் வாசலில் நின்ற ஸ்கூட்டருக்குப் போனது. அவள் தண்ணீர் குடிக்க உள்ளே போக, வாசலில் சலவைக் கடைக்காரர் வந்து கையை நீட்டினார். இவர் உயிரைக் கொடுப்பதுபோல் சாவியைக் கொடுத்தார். கடைக்காரர் அதை வாங்கி, இவர் பின்னால் வந்து நின்ற இவருடைய மனைவியிடம் அப்படியே நீட்டினார்.

"எனக்கெதுக்கு மாப்ளே வண்டி? உன் சாமானுக்கே கடையில இடமில்ல. தங்கச்சி கட்டச் சொன்னதாலதான் பந்தயம் கட்டினேன்."

மனைவி குரலைத் தாழ்த்தினாள். "நீங்க சீட்டாடப் போற மூணு மணி நேரமும் வண்டி வாசல்ல சும்மாத்தானே நின்னுச்சு? ஒரு மாசமா அதுலதான் ஓட்டிப் பழகினா. கேட்டா குடுக்க மாட்டீங்க. பந்தயம்னா கண்ணை மூடிக்கிட்டுக் குடுப்பீங்க."

மகளுக்குத் தெரியுமா என்று அவர் கண்ணாலேயே கேட்டார்.

"பாஸானா அப்பா வண்டியைத் தர்றாராம்னு சொல்லி அனுப்பினேன். பெத்த அப்பனைப் பத்தி வேற என்னத்தைச் சொல்றது?"

அதற்குள் மகள் ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"வண்டியையே குடுத்துட்டீங்களே. நான் பாஸாயிடுவேன்னு உங்களுக்கு அவ்வளவு நம்பிக்கையாப்பா?"

எலக்ட்ரீஷியன் உள்ளே சுவரில் காலியாக இருந்த ஆணியைப் பார்த்தார்.

"சொல்லுங்க," என்றாள் மனைவி. "பொண்ணு கேக்கறால்ல."