சத்தம் அடங்கிய வில்லும் பதினொரு மணிகளும்

லா சப்பல், பாரிஸ்
செவ்வாய் இரவு

என் பாசத்துக்கும் பயத்துக்கும் உரிய சேந்தன் மாமா அவர்களுக்கு,

முதலில் ஒரு மன்றாட்டு: இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள். உங்கள் உணவகத்து அடுப்புக்குப் பக்கத்தில் நின்று வாசியுங்கள், வாசித்து முடித்ததும் அதே அடுப்பில் போட்டுவிடுங்கள். வைபரில் எழுத முடியாது, என் போனை அம்மா எடுத்துப் பார்ப்பார். பிரெஞ்சில் எழுதினால் அம்மாவுக்கு விளங்காதே என்று நினைப்பீர்கள். அதுதான் ஆபத்து. பிரெஞ்சில் எந்தக் காகிதத்தைக் கண்டாலும் "வரிக் கடிதமோ தெரியேல்லை" என்று கீழ்வீட்டுப் பிரெஞ்சுப் பெண்மணி மடம் ஆரெலியிடம் கொண்டுபோய் உரக்க வாசிக்கச் சொல்வார். தமிழில் எழுதினால் தமிழ்ப்பள்ளி வீட்டுப்பாடம் என்று தொடமாட்டார். ஆகவே ஞானமலர் ரீச்சர் பழக்கிய முறைப்படியே எழுதுகிறேன்: இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம், தாங்களும் நலமாயிருக்க முருகனை வேண்டுகிறேன். இனி நலமில்லாத விடயங்கள்.

போன மாதம் "கூடாரம்" என்று அம்மாவிடம் சொல்லி நீங்கள் எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போன நீளப் பைக்குள் வேட்டை வில்லும் நான்கு மர அம்பும் இருப்பது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நீங்கள் ஓர்லேயோன் பக்கத்துக் காட்டில் முதலாளியோடு சேர்ந்து பன்றி வேட்டையாடுகிறீர்கள் என்று வெளியே தெரிந்தால், எபினேயில் உங்களுக்குக் கலியாணம் பேசியிருக்கும் அஜந்தாவின் வீட்டார், முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடாதவர்கள், அடுத்த நாளே சாதகத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நான் ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. நாணை விட்டதும் கிளம்புகிற 'டங்' சத்தத்தில், அம்பு போய்ச் சேருமுன் பன்றி வேறு ஊருக்குப் போய்விடுகிறது, கூட்டாளிகள் உங்களைக் 'கித்தார்க்காரர்' என்று கூப்பிடுகிறார்கள் என்று நீங்கள் சொன்னபோது நான் சிரிக்கவும் இல்லை. (கொஞ்சம் சிரித்தேன்.) "நீ பள்ளிக்கூடத்திலை அம்பு விடப் பழகிறாய்தானே பிள்ளை, உந்தச் சத்தத்தை நிப்பாட்டித் தா, ஞாயிற்றுக்கிழமை உன்னையும் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போறன்" என்றீர்கள். மாமா, எனக்குப் பதின்மூன்று வயது. நான் இதுவரை பார்த்த காடெல்லாம் மெத்ரோ சுவரில் ஒட்டிய விளம்பரக் காடுதான். அந்த ஒரு ஆசைக்காகத்தான் ஒப்புக்கொண்டேன். எல்லாம் அங்கேதான் தொடங்கியது.

அம்பு இல்லாமல் நாணை விட்டால் வில் உடைந்துவிடும் என்று எங்கள் பயிற்சியாளர் சொல்லியிருக்கிறார், எனவே சத்தத்தைச் சோதிக்க ஒவ்வொரு முறையும் அம்பு விடத்தான் வேண்டும். அம்மா வேலையால் வருவதற்குள், இருபது கிலோ அரிசிச் சாக்கு இரண்டில் பழைய துணிகளை அடைத்து நடைவழியின் முடிவில் நிறுத்தி, இந்த முனையில் நின்று, நீங்கள் இழுக்கிறதில் பாதி இழுத்து விட்டேன். டங்! பத்து நிமிடத்தில் மடம் ஆரெலி கதவடியில் நின்றார். இரவில் மருத்துவமனை வேலை, பகலில் தூக்கம் அவருக்கு. "சுஜானி, கித்தார் பழகுகிறாயா? நல்ல விடயம். ஆனால் உன் கித்தாரில் ஒரே ஒரு தந்திதான் இருக்கிறது போல" என்றார். அன்றிலிருந்து மடம் ஆரெலியின் காதுதான் எனக்கு அளவுகோல். பயிற்சியாளரிடம் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டு வந்து, நாணைக் கழற்றி இன்னும் பன்னிரண்டு முறுக்கு முறுக்கி மாட்டினேன். மாடிப்படியில் மடம் சொன்னார்: "இன்றைக்குச் சுருதி பரவாயில்லை." அடுத்து, வில்லின் வளைந்த நுனிகளில் நாண் வந்து அறைகிற இடத்தில் மெத்தென்று ஏதாவது ஒட்ட வேண்டும் என்றார் பயிற்சியாளர். வீட்டில் மெத்தென்ற துணி சாப்பாட்டு மேசைக் கதிரைக் கால்களுக்கு அடியில் ஒட்டியதுதான் இருந்தது. நான்கு கதிரையிலும் உரித்து எடுத்தேன். வில்லின் சத்தம் பாதியாகக் குறைந்தது, கதிரைகள் கத்தத் தொடங்கின. அப்பா ஒபர்வில்லியே கிடங்கில் நாள் முழுக்கப் பெட்டி தூக்கிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தால் 'கிறீஈச்' என்று கேட்கிறது, அவர் தன் இடுப்பில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து எண்ணெய் பூசுகிறார். மடம் ஆரெலியும், "கித்தாரே தேவலை, வயலினை நிறுத்து" என்று சொல்லிவிட்டார்.

கடைசி மருந்து கம்பளி. நாணின் மேலே ஒன்று, கீழே ஒன்று, கம்பளி நூலில் பந்துபோலக் கட்டிவிட்டால் அது அதிர்வைக் குடித்துவிடுமாம். அப்பாவின் சிவப்பு ஸ்வெட்டரில் கைப்பக்கமாக ஒரு நுனி தொங்கிக்கொண்டிருந்தது. கொஞ்சம்தான் இழுத்தேன். அது நிற்கவே இல்லை. ஒரு கை முழுவதும் வந்துவிட்டது. ஆனால் மாமா, அந்த இரண்டு சிவப்புப் பந்துகளையும் கட்டி அம்பு விட்டபோது, பூனை மெத்தையில் குதித்தது போல 'பொத்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்! அடுத்த நாள் மாடிப்படியில் மடம் ஆரெலி "போன்ஜூர்" மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நான் அறைக்குள் வந்து தனியாக ஆடினேன். காடு என்னுடையது என்று நினைத்தேன்.

நேற்று அம்மா ஒரு மணித்தியாலம் முன்னதாக வந்துவிட்டார். வில் என் கட்டிலில் கிடந்தது.

"என்ன பிள்ளை இது?"

நான் அம்புகளைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

"வில்லுப்பாட்டு வில்லெல்லோ!" என்றார் அம்மா. "உந்தச் சிவப்புக் குஞ்சம் நீயே கட்டினனியோ?"

மாமா, குஞ்சம் கட்டினது நான்தானே. அந்தக் கேள்விக்கு மட்டும்தான் "ஓம்" என்றேன். அம்மா அதை எல்லாவற்றுக்கும் எடுத்துக்கொண்டார்.

"எந்த நேரமும் பிரெஞ்சிலை கதைச்சுக்கொண்டு திரியிற பிள்ளை எண்டு நான் கவலைப்பட்டன். உள்ளுக்கை இப்பிடியொரு ஆசையை வைச்சுக்கொண்டு எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே குஞ்சு" என்று என் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுகிற அம்மாவிடம் பன்றியைப் பற்றி எப்படிப் பேசுவது? நான் மூக்கைத் துடைப்பதற்குள் ஞானமலர் ரீச்சருக்குப் போன் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப்பள்ளி ஆண்டு விழா. "பதினைஞ்சு நிமிசம் தாங்கோ ரீச்சர், பிள்ளை வில்லே செய்துபோட்டாள்!" ரீச்சர் இருபது தந்தார்.

இன்று பின்னேரம் அம்மா வில்லை மடியில் வைத்து நாணில் ஒரு தட்டுத் தட்டினார். 'பொத்.' மறுபடி தட்டினார். 'பொத்.' "இதென்ன பிள்ளை, சத்தமே வரேல்லை? பொறு, நான் வரப்பண்ணுறன்" என்று பிலிப்-து-ஜிரார் தெருவில் பூசைச் சாமான் விற்கிற கடைக்கு ஓடிப்போய், பதினொரு வெண்கல மணி வாங்கிவந்து, நுனிக்கு நுனி கட்டிவிட்டார். பிறகு அடிக்கிற கோல் எங்கே என்று தேடி உங்கள் அம்புகளைக் கண்டெடுத்தார். "கோல் ஏன் உவ்வளவு நீட்டு? செட்டை வேறை ஒட்டியிருக்கு." வடிவுக்கு என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பாண் வெட்டுகிற கத்தியால் இரண்டை அரிந்துவிட்டார். மீதி இரண்டையும் என் உடம்பால் மறைத்துக் காப்பாற்றினேன். அப்பா வந்து கதிரையில் 'கிறீச்' என்று உட்கார்ந்து, வில்லையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கலாவதி, இந்தக் குஞ்சத்தின்ர நூலை எங்கையோ கண்ட மாதிரிக் கிடக்கு" என்றார்.

மாமா, இப்போது உங்கள் வில்லைத் தொட்டாலே மாட்டு வண்டி வருவது போலக் கேட்கிறது. ஞாயிற்றுக்கிழமை நான் காட்டில் இருக்க வேண்டிய நேரத்தில், தெரியாத பாட்டை, முந்நூறு பேருக்கு முன்னால் பாட வேண்டும். என்னைக் காப்பாற்றுங்கள். கடிதம் கிடைத்த உடனே அம்மாவுக்குப் போன் எடுத்து, அது யாரோ நண்பருடைய கூடாரக் கம்பி, கட்டாயம் திருப்பிக் கொடுக்க வேண்டும், சுஜானியும் கூட வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள். பன்றி என்ற சொல் மட்டும் வாயில் வரக்கூடாது. தங்களுக்கு எல்லா நன்மையும் அஜந்தா மாமியும் கிடைக்க முருகன் அருள் புரிவாராக. இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிவுள்ள, மணி கட்டப்பட்ட மரும

கதவைத் தட்டுகிறா

பி.கு. (புதன் காலை, பள்ளி நூலகம்): மாமா, மேலே எழுதிய எதையும் செய்யாதீர்கள். போன் எடுக்கவே வேண்டாம். தட்டியது அம்மாதான். கடிதத்தின் மேல் நான் உட்கார்ந்துகொண்டேன். அம்மாவுக்குக் கவலையில் நித்திரை வரவில்லையாம். "தனியப் பாடேலாது பிள்ளை, பக்கத்திலை இருந்து 'ஆமாம்' போட ஒரு ஆள் வேணும்" என்றார். அந்த ஆள் நீங்கள்தான். முருகன் வேடனாய் வந்து வள்ளியைக் கலியாணம் முடித்த கதை. அஜந்தாவின் வீட்டாருக்கு முன்வரிசையில் இடம் பிடித்தாகிவிட்டது. "ஆனால் என்ர தம்பி எறும்பைக்கூட மிதிக்கமாட்டான், வேடன் மாதிரி நடிக்க அவனுக்கு வருமோ?" என்று அம்மா கேட்டார். பழகினால் வரும் என்றேன். அதுதான் அம்மாவும் யோசித்தாராம்: "இஞ்சை பழகினால் கீழ்வீட்டு மடம் ஏறி வருவா. சனிக்கிழமை விடியவே மாமாவோடை அங்காலை காட்டுப் பக்கம் போய், சத்தம் போட்டுப் பழகிக்கொண்டு வாங்கோ." நான் காட்டுக்கு வருகிறேன் மாமா! அம்மாவே புட்டும் கட்டித் தருகிறாராம்! ஒரேயொரு நிபந்தனை, மணி ஒன்றைக்கூடக் கழற்றக்கூடாது, திரும்பி வந்ததும் எண்ணிப் பார்ப்பாராம். ஆகவே நாம் வருவது பன்றிகளுக்கு ஒரு கிலோமீட்டருக்கு முன்பே தெரிந்துவிடும். அவை வரிசையில் நின்று பொன்னாடை போர்த்தினால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.