மச்சானின் கறுப்பு வேட்டியும் என் புதுத் துண்டுகளும்

வருஷா வருஷம் மாலை போட்டு சபரிமலைக்குப் போகிறவன் நான். தெருவில் பார்ப்பவர்கள் கையெடுத்துக் கும்பிடும்போது உள்ளுக்குள் கூசும். முதல் தடவை என் கழுத்தில் மாலை ஏறியதற்குக் காரணம் பக்தி இல்லை. பயம்.

செங்கம் ரோட்டில் எங்கள் வீட்டு மாடி அறைகளைப் பக்கத்து ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். அந்த வருஷக் கார்த்திகை தீபக் கூட்டத்துக்காக, புசுபுசுவென்று வெள்ளைத் துண்டுகள் வாங்கினேன். (தொட்டால் முயல்குட்டி மாதிரி இருக்கும். முயலுக்கு முடி கொட்டும் என்பது அப்போது ஞாபகம் வரவில்லை.)

துண்டு வந்த மறுநாள் காலையில், கீழ்பென்னாத்தூரிலிருந்து மனைவியின் அண்ணன் வந்து இறங்கினார். மாலை போட்டிருந்தார். சாயங்காலம் எங்கள் தெருக் கோயிலில் இருமுடி கட்டி, அப்படியே வேன் ஏறவேண்டும். வழியெல்லாம் மழை. அவருடைய கறுப்பு வேட்டிகள் சேறாகிக் கிடந்தன.

மச்சானின் கோபம் ஊரறிந்தது. ஓடாத பம்புசெட்டைத் திட்டியே ஓடவைப்பார். ஆனால் மாலை போட்டவர் யாரையும் திட்டக்கூடாது. எல்லாரையும் 'சாமி' என்றுதான் கூப்பிடவேண்டும்.

"குடுங்க மச்சான், மெஷின்ல துவைச்சு காயவச்சே குடுத்துடறேன்" என்று பெருமையடித்தேன்.

"பத்திரம் சாமி. மாத்துக்கு வேற இல்ல" என்று, என் கட்டம் போட்ட லுங்கியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

தேங்காய், நெய் வாங்கக் கிளம்பிய மனைவி வாசலில் நின்று சொன்னாள்: "ஏங்க, புதுத் துண்டு பஞ்சு விடும். அதத் தனியா ரெண்டு தடவ அலசுங்க. பவுடர் கம்மியா போடுங்க. மெஷின ரொப்பாதீங்க. பஞ்சு வடிகட்டிய கழட்டிக் கழுவுங்க."

"எனக்குத் தெரியாதா?" என்றேன்.

தெரியாது. தனித்தனியாக ஓட்டினால் கரண்டு வீண் என்று, துண்டு, வேட்டி எல்லாவற்றையும் பாத்ரூம் பக்கத்து மெஷினில் ஒன்றாகத் திணித்தேன். சேறு போகட்டும் என்று பவுடரை ஜாஸ்தி கொட்டினேன். கதவை முட்டியால் தள்ளி மூடினேன். வடிகட்டி எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

கதவைத் திறந்தபோது உள்ளே கறுப்பு வேட்டி இல்லை. சாம்பல் நிறத்தில் செம்மறியாடு சுருண்டு படுத்திருந்தது.

உதறினேன். வெள்ளைப் புகை கிளம்பித் தும்மல் வந்தது. தலைவாரும் சீப்பால் வேட்டியை வாரினேன். பார்சல் ஒட்டும் டேப்பை அமுக்கி இழுத்தேன். பஞ்சு கொஞ்சம் வந்தது, பசை நிறைய தங்கியது. (அதில் பஞ்சு இன்னும் நன்றாக ஒட்டியது.)

மனைவி வந்தாள். நேராக வடிகட்டியைக் கழட்டினாள். பூனைக்குட்டி அளவுக்கு ஒரு உருண்டை வந்தது.

"வேட்டிய மட்டும் இன்னொரு தடவ ஓட்டுனா போயிடும்" என்று பட்டனை அழுத்தினாள். கரண்டு போனது. வாசலில் வேன் ஹாரன் அடித்தது.

வேட்டியைப் பார்த்ததும் மச்சானின் முகம் சிவந்தது. வாய் திறந்தது. கை மாலைக்குப் போனது.

"சாமியே... சரணம் ஐயப்பா!"

மதில் மேலிருந்த காக்கா பறந்துவிட்டது.

அதையே கட்டிக்கொண்டு போன மச்சானிடம் கோயிலில் ஒரு சாமி கேட்டார்: "உங்க ஊர்ல மட்டும் பனி பெஞ்சுதா சாமி?"

மச்சான் வேனில் ஏறுமுன் என் காதில் மென்மையாகச் சொன்னார்: "மலைக்குப் போயிட்டு வந்து மாலைய கழட்டுவேன் இல்ல சாமி? அப்ப பேசிக்கலாம்."

அதற்குப் பிறகு காலண்டரில் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு காலையில் அவர் மனைவி போன் செய்தார்: "அண்ணா, மாலைய கழட்டிட்டாரு. காப்பி கூடக் குடிக்காம பஸ் ஏறிட்டாரு. உங்க வீட்டுக்குத்தான்."

தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு தெருக் கோயில் குருசாமியிடம் ஓடினேன். "எனக்கு மாலை போடுங்க. இப்பவே!"

"திடீர்னு என்னப்பா பக்தி?"

"வந்துடுச்சுங்க. பஸ்ல வந்துட்டே இருக்குது."

"எங்கடா அவன்?" என்று மச்சான் கத்திக்கொண்டு நுழைந்தபோது, கூடத்தில் கழுத்தில் துளசி மணியோடு கைகூப்பி நின்றேன். வழியெல்லாம் சேர்த்துவைத்த வசவு அவர் தொண்டையில் நின்றது. மாலை போட்ட சாமியைத் திட்ட முடியுமா? வேறு வழியில்லாமல் கும்பிட்டார்.

"சாமி சரணம்" என்றார், பல்லைக் கடித்தபடி.

மனைவி மாடிப்படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

போட்ட மாலைக்கு மலை ஏறித்தானே ஆகவேண்டும்? விடியற்காலைப் பச்சைத் தண்ணீரும், தரையில் படுக்கையும், மகரஜோதிக் கூட்டமும் பட்டுத் தெளிந்தேன். என்னவோ பிடித்துப்போய்விட்டது. இப்போது மச்சானும் நானும் ஒரே வேனில்தான் போகிறோம். எங்கள் வீட்டில் துண்டுகள் துண்டுகளோடு மட்டும்தான் குளிக்கின்றன. வடிகட்டியைக் கழுவுவதும், துண்டை உதறிக் காயப்போடுவதும் என் பொறுப்பு.

வேனில் புதுச்சாமி யாராவது, "உங்களுக்கு குருசாமி யாரு சாமி?" என்று என்னைக் கேட்டால், மச்சான் முந்திக்கொள்கிறார்:

"அதுவா சாமி? அவங்க வீட்டு பாத்ரூம் பக்கத்துல நிக்குது. கரண்டு இருந்தாத்தான் அருள் வரும்."