திருமலைச்சாமியின் ஆண்டு வருமானம்

"ஆண்டு வருமானம்?" என்று கேட்டுவிட்டுப் பேனாவை மையில் தோய்த்துக்கொண்டார் கிராம முன்சீப் வேலுச்சாமி.

திருமலைச்சாமி சாவடியை ஒரு சுற்றுப் பார்த்தார். விதை உருளைக்கிழங்கு விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஏழெட்டுப் பேர் பேச்சை நிறுத்திவிட்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய உண்மையான வருமானம் வருஷத்துக்கு எழுநூறு ரூபாய். அதுவும் உறைபனி பூண்டுச் செடியை விட்டுவைத்த வருஷத்தில். போன இரண்டு வருஷமாக அது விட்டுவைக்கவில்லை.

"ஆறாயிரம்னு போடுங்க மாப்ளே," என்றார் திருமலைச்சாமி. "கூடக் கொறைய இருக்கும். உக்காந்து கணக்குப் பாக்க நமக்கு ஏது நேரம்?"

முன்சீப் போட்டார். சாவடி மரியாதையுடன் தலையாட்டியது.

அது ஏழை மாணவர் சம்பளச் சலுகைக்கான விண்ணப்பம்.

மகள் சண்முகசுந்தரிக்கு மதுரைக் கல்லூரியில் பி.எஸ்ஸி. படிக்க இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் கல்லூரிச் சம்பளத்தைக் கட்டவோ, சலுகைக்கான வருமானச் சான்றைக் கொடுக்கவோ செய்யாவிட்டால் இடம் வேறு பெண்ணுக்குப் போய்விடும். உதவி நான்கு வகை என்று கல்லூரிக் கடிதம் சொல்லியது. வேலை கிடைத்த பின் திருப்பிக் கட்டும் கடன் ஸ்காலர்ஷிப்பைத் திருமலைச்சாமி முதலிலேயே தள்ளிவிட்டார்; கடன்காரன் என்று பேர் வரும். விடுதிச் சாப்பாட்டுக்குப் பணம் தரும் டிரஸ்ட்டோ, உதவி பெறும் பிள்ளைகளின் படத்தை ஆண்டு மலரில் அச்சிட்டுவிடும். அரைச் சம்பளச் சலுகையில் மீதி அரை இடித்தது. மிஞ்சியது முழுச் சலுகை. ஆயிரத்து இருநூறுக்குக் கீழே வருமானம் என்று ஒரு சான்று வாங்கினால் போதும். அது முன்சீப்புக்கும் முருகனுக்கும் மட்டும் தெரிந்தால் போதும் என்றுதான் சாவடிக்குப் போனார். சாவடியில் ஆள் இருக்கும் என்பதை யோசிக்கவில்லை.

வீட்டில் மனைவி வீரம்மாள் படிவத்தை மகளை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"ஆறாயிரத்தை எங்கன வச்சிருக்கீகன்னு சொல்லுங்க. நானே போயிச் சம்பளத்தைக் கட்டிட்டு வந்துர்றேன்."

திருமலைச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டார். ஓடாத கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, ஒரு சோலி இருக்கிறது என்று எழுந்து போனார்.

மறுநாள் வெள்ளனே, யார் கண்ணிலும் படாமல் முன்சீப் வீட்டுக் கொல்லைப்புறமாகப் போய் விஷயத்தைச் சொன்னார். முன்சீப் அலட்டிக்கொள்ளவில்லை. பதிவேட்டில் ஏறிய ஆறாயிரம் ஒரே ராத்திரியில் எழுநூறாக இறங்கினால் தன் வேலை போய்விடும் என்றார். ரெவின்யூ இன்ஸ்பெக்டர் நேரில் வந்து வீட்டைப் பார்த்து எழுதினால்தான் உண்டு. வியாழக்கிழமை வரச் சொல்கிறேன், வீட்டை உள்ளபடி காட்டுங்கள், போதும் என்றார்.

உள்ளபடி காட்டுவதில் சிரமமே இல்லை. வீரம்மாளின் பித்தளை, வெண்கலம் அத்தனையும் வத்தலக்குண்டு அடகுக் கடையில் இருந்தது. ஈயம் பூசக் கொடுத்திருப்பதாகத் திருமலைச்சாமி ஊரில் சொல்லியிருந்தார். இரண்டு வருஷமாகப் பூசிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் அதிகாரி வருகிற செய்தி அவருக்கு முன்பே டீக்கடைக்குப் போய்விட்டது. எதற்காம் என்று பூண்டு வியாபாரி சுப்புராஜ் கேட்டார். உண்மை தொண்டை வரைக்கும் வந்தது.

"கூட்டுறவுச் சங்கத்துக்குத் தலைவராப் போடலாமான்னு நம்மளப் பத்தி விசாரிக்க வர்றாராம்," என்றார் திருமலைச்சாமி. "நமக்கு எதுக்கப்பா பதவின்னேன். விடமாட்டேங்கிறாங்க."

சுப்புராஜ் அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு, ரொம்பச் சந்தோசம்ணே என்று சொல்லி டீக்குக் காசும் கொடுத்தார்.

வியாழக்கிழமை விடிந்ததும் பக்கத்து வீட்டுக் கந்தம்மாள் இடுப்பில் ஒரு பித்தளைக் குடத்தோடு வந்து நின்றாள். பெரிய ஆபீசர் வரும் வீடு வெறிச்சென்று இருக்கலாமா என்றாள். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். இருந்த ஒரே காரணத்தைச் சொல்ல முடியாது. திருமலைச்சாமி தலையை அசைத்தார். அதற்குப் பிறகு தெருவே திரண்டு வந்தது. காளியாயி வீட்டு அண்டாவை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். தாம்பாளம், போகணி, குத்துவிளக்கு, வெள்ளி டம்ளர் என்று அடுப்படி நிறைந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு நாற்காலி வந்தது. சுப்புராஜ் எட்டு மூட்டைப் பூண்டை வாசலில் இறக்கி, சாக்கின் எழுத்துப் பக்கம் வெளியே தெரிய வேண்டும் என்று அடுக்கினவர்களை விரட்டிக்கொண்டிருந்தார்.

"இப்பவாவது நெசத்தச் சொல்லுங்க," என்றாள் வீரம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "புள்ள படிப்பு போயிரும்."

"ஆபீசர தனியாக் கூட்டிப் போயிச் சொல்லிக்கிறேன். நீ சும்மா இரு."

தனியாக விடத்தான் ஆள் இல்லை. இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து இறங்கியதுமே ஊர் சூழ்ந்துகொண்டது. அண்ணனுக்கு என்ன குறைச்சல், அண்டா என்ன, மூட்டை என்ன, நீங்களே பாருங்கள் என்று ஆளாளுக்கு ஒன்றைத் தூக்கி அவர் கையில் கொடுத்தார்கள். கொல்லைப்புறம் பார்க்கலாமா என்று திருமலைச்சாமி கண்ணைக் காட்டினார். கந்தம்மாள் காபியோடு கூடவே வந்தாள்.

இன்ஸ்பெக்டர் அதிகம் பேசாத மனிதர். காபி குடித்த டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுப்படிக்குள் போய்க் குடத்தின் கழுத்தைத் தடவினார். அண்டாவைச் சுற்றி வந்தார். நாற்காலியில் உட்காரப் போனவர், முதுகுப் பலகையைப் பார்த்துவிட்டு உட்காராமலே நின்றார். ஒவ்வொன்றாக எண்ணி நோட்டில் எழுதினார். அவர் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் மகளின் கல்லூரி ஒரு மைல் தள்ளிப் போவது திருமலைச்சாமிக்குத் தெரிந்தது.

கதவோரம் நின்ற சண்முகசுந்தரி கல்லூரிக் கடிதத்தை நாலாக மடித்து, அரிசிப் பானைக்குள் போட்டு மூடினாள்.

அதைப் பார்த்துவிட்டார் திருமலைச்சாமி. இன்ஸ்பெக்டர் ஜீப்பில் கால் வைக்கும்போது ஓடிப் போய் முன்னால் நின்றார்.

"ஐயா, எனக்கு ஒண்ணுமில்லீங்க," என்றார், ஊர் முழுக்கக் கேட்க. "அர ஏக்கராப் பூண்டுதான். எழுநூறு ரூவா. நான் ஏழைங்க."

தெரு சுப்புராஜைத் திரும்பிப் பார்த்தது.

"பாத்தீகளாய்யா அடக்கத்த?" என்றார் சுப்புராஜ். "பெரிய மனுசன் பேச்சே தனி." ஊர் கைதட்டியது.

வாழ்நாளில் ஊர் கேட்க அவர் சொன்ன முதல் உண்மையை ஒருவரும் நம்பவில்லை. திருமலைச்சாமி தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் அவரைக் கையைப் பிடித்து எழுப்பி, ஜீப்புக்கு அந்தப் பக்கம் கூட்டிப் போய் நோட்டைக் காட்டினார். இருபத்தாறு சாமான்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதில் வெட்டியிருந்த பேர். கந்தம்மாள், காளியாயி, கருப்பம்மாள், சோலையம்மாள். மூட்டைகளில் சுப்புராஜ். நாற்காலியில் அரசினர் ஆரம்பப் பள்ளி. கீழே எழுதியிருந்தது: 'மனுதாரர் பேரில் ஒரு டம்ளர்கூடக் கிடையாது. ஆண்டு வருமானம் ரூபாய் நானூறு. முழுச் சம்பளச் சலுகையும், விடுதிச் சாப்பாட்டுக்கு டிரஸ்ட் உதவியும் அவசியம்.'

"தாசில்தார் கையெழுத்து நாளைக்கே கெடைச்சிடும்," என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக.

திருமலைச்சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"நானூறு இல்லீங்க. எழுநூ..."

எங்கிருந்தோ வந்த வீரம்மாள் அவர் முதுகில் ஒரு கிள்ளு கிள்ளினாள். ஜீப் போய்விட்டது.

சாயங்காலம் அவரவர் சாமான்களை எடுத்துப் போக வந்தார்கள். திருமலைச்சாமி மறுபடியும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கந்தம்மாள் குடத்தைத் தூக்கும்போது அவருக்கு ஒரு பெருந்தன்மை வந்தது.

"கந்தம்மா, ஒனக்குத் தெரியாது. பேரு வெட்டின கொடமாக் கொண்டாந்த பாரு, அதுல தற்செயலா நமக்கு ஒரு சின்னக் காரியம் நடந்துபோச்சு."

கந்தம்மாள் குடத்தை இடுப்பில் சரியாக வைத்துக்கொண்டாள்.

"பேரு வெட்டாத புதுக் கொடம் வீட்டுல நாலு கெடக்குண்ணே. அத எதுக்கு விட்டுட்டு வந்தேங்கிறீக?"