திரைக்கு முதுகு காட்டிய பெலாக்காங்

ஜொகூர் மாநிலத்துத் தம்போயில் தகரக் கூரை போட்ட ஒற்றைக் கடையில் டியூப் ஒட்டத் தொடங்கியவன் நான். இன்றைக்கு அதே இடத்தில் ஒரே நேரத்தில் நான்கு வண்டி நிற்கும் பட்டறை இருக்கிறது. வண்டியைத் தூக்கும் இயந்திரம் இரண்டு. கண்ணாடி போட்ட குளுகுளு அலுவலகம் ஒன்று. சக்கரம் நேராக நிற்கிறதா என்று அளந்து சொல்லும் அலைன்மென்ட் இயந்திரம் ஒன்று. வாடிக்கையாளர் உட்கார மெத்தை வைத்த நாற்காலி ஆறு. வங்கிக்காரர் முடியாது என்றார். பக்கத்துக் கடைக்காரர் நான் ஆறு மாதத்தில் மூடிவிடுவேன் என்றார். மூடியது அவர்தான். காஹாங்கில் செம்பனைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு முழுக்குப் போட்டவன் கட்டியது இது. கையில் இருந்தது தமிழ் எழுத்து மட்டும். மிச்சத் தமிழை ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகள் ஊட்டிவிட்டன. ஆகவே இதில் பிழை இருந்தால் பத்திரிகைகளைக் கேளுங்கள்.

இவ்வளவு கட்டியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். ஜொகூர் மாநிலத்திலேயே கம்ப்யூட்டரின் முகத்தைப் பார்க்காமல் அதைக் குணப்படுத்தியவர் ஒரே ஒருவர்தான். அவர் நிஜப் பெயர் எங்கள் கடை வரிசையில் யாருக்கும் தெரியாது. எங்களுக்கு அவர் பெலாக்காங். மலாயில் பின்புறம் என்று பொருள்.

எந்தக் கடைக்கு வந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "பெலாக்காங் பாத்தாச்சா?" என்பதுதான். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, திரைக்கு முதுகைக் காட்டி உட்காருவார். கையை மட்டும் பின்னால் விட்டு, மருத்துவச்சி வயிற்றைத் தடவுவது மாதிரி ஒயர்களைத் தடவுவார். பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு, "வாசிங்க" என்பார். திரையில் என்ன எழுதியிருக்கிறதோ அதை அந்தப் பெட்டிக்குச் சொந்தக்காரர் உரக்க வாசிக்க வேண்டும். அதுதான் அவர் சட்டம்.

ஏன் இப்படி என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். "நான் பாத்தா அது நடிக்கும். டாக்டர் மூஞ்சியப் பாத்ததும் காய்ச்சல் ஓடிப்போறதில்ல? அதே கதைதான். பாக்காத மாதிரி உக்காந்தாதான் உண்மையச் சொல்லும்."

மாடியில் இருந்த வக்கீல் ஒருமுறை திரையில் வந்த ஒரு வரியை வாசித்துவிட்டு, அதாவது, ஆகையினால் என்று நீட்டிக்கொண்டே போனார். "எழுதியிருக்கறத மட்டும் வாசிங்க லா. வாதாட வேணாம்" என்றார் பெலாக்காங். மூலைக்கடை டாக்டர், தன்னை வாசிக்கச் சொன்னதில் கோபப்பட்டார். "டாக்டரே, இது நீங்க எழுதினதா இருந்தா வாசிக்கச் சொல்லியிருக்க மாட்டேன். இது அச்சடிச்ச எழுத்துதான்" என்று சமாதானம் சொன்னார்.

வருவது பஸ்ஸில். கையில் பாசாருக்குக் காய்கறி வாங்கக் கொண்டுபோகிற நைலான் பை. அதற்குள் முழுக்க ஒயர். ஒவ்வொரு ஒயரிலும் ஒரு சிவப்புக் கயிறு, அதில் ஒன்று, இரண்டு, நான்கு என்று முடிச்சுகள். கோயில் கயிறு என்றுதான் எல்லாரும் நினைத்தோம். மீ நூடுல்ஸ் கடைக்காரர் தன் மகளின் பரீட்சைக்காக நான்கு முடிச்சுள்ள ஒன்றைக் கேட்டு வாங்கிப்போனார். மகள் தேறிவிட்டாள். பிறகு நான்கு முடிச்சுக் கயிறு கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். தேநீர் கொடுத்தால் கையில் வாங்க மாட்டார். "வலது பக்கம் வைங்க" என்பார். இடது பக்கம் வைத்தால் ஆறிப்போகும் வரை அது அங்கேயே இருக்கும்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

என் அலைன்மென்ட் இயந்திரத்தில் இரண்டு திரை. சின்னது கம்ப்யூட்டரோடு ஒட்டியிருக்கும். பெரியது மேலே மாட்டிய டிவி. வண்டிக்கு அடியில் படுத்திருக்கும் மெக்கானிக், டிவியை அண்ணாந்து பார்த்து, சிவப்பு பச்சையாக மாறும்வரை முடுக்குவான். டிவி இல்லையென்றால் இயந்திரம் பாதி குருடு.

ஒரு நாள் பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு மலாய்க்கார அம்மையார் வருவதாக இருந்தது. தொழிற்சாலை ஆட்களை ஏற்றும் இருபத்திரண்டு வேன்களை எந்தப் பட்டறையிடம் ஒப்படைப்பது என்று முடிவு செய்கிறவர் அவர். எங்கள் கிளார்க் சித்ரா அன்று விடுப்பு. அதனால் காலையில் இயந்திரத்தை நானே முடுக்கிவிட்டேன். திரையில் ஒரு பெட்டி வந்தது, நிறைய இங்கிலீஷோடு.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. மலாய் பேசுவேன், கடையே அதில்தான் ஓடுகிறது. ஆனால் அதை எழுதுவதும் அதே இங்கிலீஷ் எழுத்தில்தான், அது எனக்குப் பிடிபடவில்லை. முப்பது வருஷமாக இது யாருக்கும் தெரியாது. தினமும் இங்கிலீஷ் பேப்பர் வாங்குவேன். படத்தில் தலை மேலே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிரிப்பேன். வாடிக்கையாளர் வந்தால் மடித்து வைத்து, "விலைவாசி ஏறிக்கிட்டே போகுது" என்பேன். அது எந்த நாளும் பொய்த்ததில்லை. சித்ராவுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். அவள் கேட்டதில்லை.

புரியாத பெட்டி திரையில் வந்தால், அதில் எது பெரிதாக, நீலமாக இருக்கிறதோ அதை அழுத்துவது என் வழக்கம். அன்றைக்கும் அழுத்தினேன். ஒரு மணி நேரம் புள்ளிகள் வட்டமாகச் சுற்றின. பிறகு கம்ப்யூட்டர் புது மாப்பிள்ளை மாதிரி வேறு சட்டையோடு வந்து நின்றது. சின்னத் திரையில் மலையும் ஏரியும். பெரிய டிவி கறுப்பு. அதில் ஒரு சின்னப் பெட்டி மட்டும் மூலைக்கு மூலை மிதந்துகொண்டிருந்தது.

பெலாக்காங்குக்குப் போன் போட்டேன். ஒரு மணிக்கு வந்து சேர்ந்தார். நாற்காலியைத் திருப்பிப் போட்டார்.

"யார் பட்டனை அமுக்கினது?"

"மின்னல்" என்றேன்.

வெளியே வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தது. "மின்னலுக்கு எப்பவுமே நீலப் பட்டன்தான் பிடிக்கும், மொதலாளி" என்றார். "சரி, வாசிங்க."

"சித்ரா லீவு சார்."

"பெட்டி உங்களதுதானே? நீங்க வாசிங்க."

மெக்கானிக் குமார் டிவிக்குப் பக்கத்தில் ஏணியில் நின்று ஒயரைப் பிடித்திருந்தான். எனக்குப் பெருமை சேர்ப்பதாக நினைத்துக்கொண்டு, "சார், எங்க மொதலாளி இங்கிலீஷ் பேப்பரையே கரைச்சுக் குடிச்சவரு. படபடன்னு வாசிப்பாரு பாருங்க" என்றான்.

"நீ ஒயரைப் பிடிடா" என்றேன். பிறகு பெலாக்காங்கிடம், "கண்ணாடி எடுத்துட்டு வரல" என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "சட்டைப் பையில இருக்கு மொதலாளி. நீங்க குனிஞ்சப்ப மேசையில இடிச்ச சத்தம் கேட்டுச்சு."

சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டேன். ஒரு பக்கம் இருபத்திரண்டு வேன். இன்னொரு பக்கம் முப்பது வருஷத்து இங்கிலீஷ் பேப்பர். இரண்டில் ஒன்று அன்றைக்குப் போயாக வேண்டும்.

அவர் கூரையைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "குமார் தம்பி, எறங்கி வாங்க. ரெண்டு தே தாரிக் வாங்கிட்டு வாங்க. கோயில் பக்கத்துக் கடையில." கோயில் பக்கத்துக் கடை ரொம்ப தூரம். குமார் முணுமுணுத்துக்கொண்டே போனான். அவன் காலடிச் சத்தம் ஓய்ந்ததும், "வாசிக்க வேணாம்" என்றார். "டிவியில இருக்கற எழுத்து எப்படி இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

"ரெண்டு வார்த்தை. முதல்ல ரெண்டு கம்பு நிக்குது, நடுவுல ஒண்ணு சாஞ்சிருக்கு. அடுத்து டயர்."

"டயரா?"

"வட்டம். காத்து சரியா இருக்கு. ரெண்டாவது வார்த்தையில ஒரு கொக்கி, ஒரு கம்பி, அப்புறம் பக்கத்துல வெடிச்ச டயர்."

சிரிப்பில் அவர் தோள் குலுங்கியது. "போதும், போதும். நோ சிக்னல். டிவிக்கு ஒண்ணும் வந்து சேரலைன்னு சொல்லுது. ஒயர் நல்லாத்தான் இருக்கு, தடவிட்டேன். உள்ளதான் கோளாறு."

பிறகு என் கையை வைத்தே வேலை நடந்தது. எங்கே அழுத்துவது, எத்தனை தரம் அழுத்துவது என்று அவர் சொல்லச் சொல்லச் செய்தேன். ஒரு நீண்ட பட்டியல் வந்தது. "மஞ்சள் முக்கோணம் எங்கயாவது இருக்கா?"

"நாலாவது வரியில."

"அவன்தான் ஸ்கிரீனைப் பாத்துக்கற ஆளு. மெஷின் தன்னைப் புதுப்பிச்சப்ப பழைய ஆளை நிறுத்திட்டு ஒரு புது ஆளைப் போட்டிருக்கு. அவனுக்கு ரெண்டு திரை கட்டி மேய்க்கத் தெரியல."

இது எனக்கு உடனே புரிந்தது. நானும் அப்படிச் சிலரை வேலைக்கு வைத்திருக்கிறேன்.

"அவனைத் திறங்க. பட்டன் வரிசையா இருக்கும். மூணாவதுல எழுத்து கறுப்பா, மங்கலா?"

"கறுப்பு."

"அப்ப பழைய ஆளு இன்னும் ஊர்லதான் இருக்கான். அமுக்குங்க."

இரண்டு திரையும் இருண்டன. என் நெஞ்சும் சேர்ந்து இருண்டது. சின்னது மறுபடி வந்தது. டிவி கறுப்பாகவே இருந்தது. "போச்சு சார்" என்றேன்.

"எழுத்தப் பாருங்க மொதலாளி."

பார்த்தேன். "இப்ப மூணு வார்த்தை. பெட்டி மிதக்கல, நடுவுல நிக்குது."

தொடையில் தட்டிக்கொண்டார். "அலமாக், வந்திருச்சு. இப்ப வருது. ஆனா டிவி வாய்க்குப் பெரிய கவளமா ஊட்டுது, முழுங்க முடியல. அளவு பட்டியல் ஒண்ணு இருக்கும், எண்ணா இருக்கும்."

எண். எட்டடி தூரத்தில் சேறு அப்பிய டயரில் அளவு வாசிக்கிறவன் நான். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது, ஆயிரத்து எண்பது" என்று குரலை உயர்த்தி வாசித்தேன். குமார் அந்த நேரம் பார்த்து இல்லாமல் போனது இன்றைக்கும் எனக்கு வருத்தம். அந்த எண்ணை அழுத்தினேன். டிவி பளிச்சென்று முழித்துக்கொண்டது.

சந்தோஷத்தில் அவர் தோளைப் பிடித்துத் திருப்பினேன். "பாருங்க சார், உங்க வேலைய நீங்களே பாருங்க."

அவர் திரும்பினார். பார்த்தார். சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்து, "நல்லா வந்திருக்கு" என்றார்.

"டிவி இந்தப் பக்கம் சார்."

"தெரியும்" என்றார், காலண்டரை விட்டுக் கண் எடுக்காமல். "ஓரமாப் பாத்தாத்தான் தெரியுது மொதலாளி. நேராப் பாத்தா நடுவுல பொகை."

எத்தனை நாளாக என்று கேட்டேன். மூன்று வருஷம் என்றார். நடக்கலாம், பஸ் ஏறலாம், ஆள் அடையாளம்கூட ஓரளவு தெரியும், எழுத்து மட்டும் போய்விட்டது என்றார். கயிற்று முடிச்சும், வலது பக்கத் தேநீரும், நடிக்கிற கம்ப்யூட்டரும் எனக்கு அப்போதுதான் விளங்கின.

"போன் வாசிச்சுக் காட்டுமாமே சார்?"

"காட்டும். ஊருக்கே கேக்கற மாதிரி காட்டும். அப்புறம் யார் என்கிட்ட ஸ்கிரீனைக் குடுப்பா?"

குமார் தேநீரோடு வந்தான். நான் வாங்கி, அவருக்கு வலது பக்கம் வைத்தேன்.

மூன்று மணிக்கு அந்த அம்மையார் வந்தார். குமார் ஒரு வண்டிக்கு அடியில் படுத்து, டிவியைப் பார்த்துச் சிவப்பைப் பச்சையாக்கிக் காட்டினான். அவருக்குத் திருப்தி. கைப்பையிலிருந்து நான்கு பக்கத் தாளை எடுத்து நீட்டி, வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

தாளைக் கையில் வாங்கினேன். அதில் படம்கூட இல்லை.

முதுகைக் காட்டியபடியே பெலாக்காங் அந்த அம்மையாரிடம் மலாயில் மரியாதையாகச் சொன்னார்: "பூவான், இந்தப் பட்டறையில ஒரு வழக்கம் இருக்கு. எழுதினவங்கதான் வாசிக்கணும், மொதலாளி கேப்பாரு. தப்பு இருந்தா அப்பத்தான் மாட்டும்."

அம்மையார் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கிறுக்கர்கள் என்று முடிவு செய்திருக்க வேண்டும். சிரித்துவிட்டு உரக்க வாசித்தார். இரண்டாம் பக்கத்தில் நின்றுவிட்டார். அவருடைய அலுவலகம் என் பட்டறையின் பெயருக்குப் பதிலாக வேறு யாருடைய பட்டறைப் பெயரையோ அச்சடித்திருந்தது. "நல்ல வழக்கம்தான்" என்று சொல்லித் திருத்திக் கொடுத்தார். கிறுக்கர் என்ற பட்டத்தைப் பெலாக்காங் எத்தனை வருஷம் கஷ்டப்பட்டுச் சம்பாதித்திருந்தார். அதில் பாதியைத் தூக்கி என் மேல் போர்த்திவிட்டார்.

அதன்பிறகு எங்கள் வரிசையில் கண்ணாடி எடுத்து வரவில்லை என்று சொல்கிற கடைக்காரர் இருந்தால், பெலாக்காங் எனக்கு ஆள் அனுப்புவார். நான் போய்த் திரைக்கு முன்னால் நிற்பேன், அவர் பின்னால் உட்காருவார். டயர், கொக்கி, கம்பி என்று சொல்லியே சரிசெய்தோம். அப்படி மூன்று கடைகள். யார் யார் என்று எழுத மாட்டேன். நான் ஒருவன்தான் என்று முப்பது வருஷம் நினைத்திருந்தேனே, அதை நினைத்தால்தான் சிரிப்பு வருகிறது.

சென்ற ஆண்டு அவர் பொந்தியானுக்கு, மகள் வீட்டோடு போய்விட்டார். இதையெல்லாம் எழுதலாமா என்று போனில் கேட்டேன். "எழுதுங்க லா. இனிமே எனக்கு யார் ஸ்கிரீனும் வேணாம். உங்க பேப்பர் சமாச்சாரத்தையும் சேத்து எழுதுங்க, நான் மட்டும் மாட்டிக்கக் கூடாது" என்றார். ஆகவே எழுதிவிட்டேன்.

அவர் போகும்போது எங்கள் வரிசைக் கடைக்காரர்கள் ஒரு நினைவுப் பலகை செய்து கொடுத்தார்கள். பெலாக்காங், எங்கள் திரைகளுக்கு ஒளி கொடுத்தவர் என்று பித்தளையில் தமிழ் எழுத்து. எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். ஆனால் அந்தப் பலகையில் ஒரு வரி குறைகிறது. நான்கு கடைகளின் திரைகளுக்கு முன்னால் நின்று பார்த்துச் சொன்னது நான். கீழே இன்னும் நிறைய இடம் இருக்கிறது, நான் அளந்து பார்த்தேன். அங்கே என் பெயரும் வர வேண்டும், தமிழில். பலகையை வாங்கி வந்து அதைச் சேர்ப்பதும், பொந்தியானுக்குத் திரும்ப எடுத்துக்கொண்டு போவதும் என் பொறுப்பு. அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்காரட்டும். சித்ரா வர வேண்டாம். அந்த இரண்டு பெயரையும் நானே வாசிக்கிறேன்.